ஆறாம் இடத்து மகாராணி

மாவோ அசாடா என்று யாராவது சொன்னாலே போதும், எனக்கு முகம் மலர்ந்துவிடும். வெயில் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் மேல் இப்படியொரு பித்துப் பிடித்ததற்கு அந்த ஜப்பானியப் பெண் ஒருவர்தான் காரணம். மூன்று முறை உலக சாம்பியன், நான்கு முறை கிராண்ட் பிரிக்ஸ் இறுதிப் போட்டியில் வெற்றி, ஆறு முறை ஜப்பான் தேசிய சாம்பியன், வான்கூவர் ஒலிம்பிக்கில் வெள்ளி. இத்தனை இருந்தும், அவருடைய ஆட்டங்களில் எதை முதலில் பார்க்கலாம் என்று கேட்பவர்களிடம் பதக்கமே கிடைக்காத ஒன்றைத்தான் சொல்வேன். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் அவர் ஆறாவதாக வந்தாரே, அந்த ஆட்டம். பனித்தரையில் அதைவிடப் பெரிதாக நான் எதையும் பார்த்ததில்லை.

அதன் அருமை தெரிய வேண்டுமானால் டிரிபிள் ஆக்ஸல் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தாவல்கள் ஆறு வகை. ஐந்துக்குப் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு வந்து எழும்புவார்கள். ஆக்ஸலுக்கு மட்டும் முன்னே பார்த்து எழும்ப வேண்டும். இறங்குவதோ மற்றவற்றைப் போலவே பின்பக்கமாக, ஒற்றைக் காலில். அதனால் அரைச் சுற்று கூடிவிடுகிறது. டிரிபிள் ஆக்ஸல் என்றால் மூன்றரைச் சுற்று. காற்றில் இருக்கக் கிடைப்பது ஒரு நொடிகூட இல்லை. அதற்குள் கைகளை நெஞ்சோடு இறுக்கி, கால்களைப் பின்னி, மூன்றரை முறை சுழன்று, மெல்லிய பிளேடின் வெளிவிளிம்பில் இறங்கி, எதுவுமே நடக்காததுபோல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இசையை விடக் கூடாது, முகத்தில் களைப்புத் தெரியக் கூடாது.

பெண்களில் போட்டியில் இதை முதன்முதலில் செய்துகாட்டியவர் மிடோரி இத்தோ, 1988இல். ஒலிம்பிக்கிலும் அவரே முதல்வர், 1992இல். ஊர் நகோயா, பயிற்சியாளர் மச்சிகோ யமாடா. அடுத்த பதினெட்டு ஆண்டுகள் ஒலிம்பிக்கில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அது கைகூடவில்லை. 2010இல் அதைச் செய்த இரண்டாவது பெண் மாவோ. அவருக்கும் ஊர் நகோயாதான். சிறு வயதில் பழக்கிவிட்டவரும் அதே யமாடாதான். எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது.

1990 செப்டம்பரில் பிறந்த மாவோ, பதினான்கு வயதிலேயே ஜூனியர் போட்டியில் டிரிபிள் ஆக்ஸலை இறக்கிவிட்டார். 2005 டிசம்பர், டோக்கியோ, கிராண்ட் பிரிக்ஸ் இறுதிப் போட்டி. அப்போதைய உலக சாம்பியன் ரஷ்யாவின் இரினா ஸ்லட்ஸ்கயா. அவரைப் பதினைந்து வயதுச் சிறுமி தோற்கடித்துவிட்டார். இரண்டு மாதத்தில் டுரினில் ஒலிம்பிக். ஆனால் அப்போதைய விதிப்படி முந்தைய ஜூலை 1க்கு முன்பே பதினைந்து வயது நிறைந்திருக்க வேண்டும். மாவோவுக்கு 87 நாள் போதவில்லை. உலகத்தின் தலைசிறந்த ஸ்கேட்டர்களை வென்ற பெண் ஒலிம்பிக்கை வீட்டிலிருந்து பார்த்தார். அந்த 87 நாளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

2008இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் உலகப் போட்டி. ஆட்டத்தின் தொடக்கத்தில் டிரிபிள் ஆக்ஸலுக்கு எழும்பப்போகிற நேரத்தில் கால் வழுக்கி விழுந்தார். சாதாரண விழுகை அல்ல, பனியில் தேய்ந்துகொண்டே ஓரத் தடுப்புவரை போனார். இசை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எழுந்தார், பாவாடையைக்கூடத் தட்டிவிடவில்லை, இசையை எட்டிப் பிடித்து மிச்சம் அத்தனையையும் ஆடி முடித்தார். முடிவில் தங்கம் அவருக்குத்தான். பதினேழு வயதில் இந்த நெஞ்சுரம் எங்கிருந்து வரும்?

வான்கூவர் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை. தென்கொரியாவின் கிம் யூனா அன்று யாராலும் தொட முடியாத உயரத்தில் ஆடினார். மாவோவைவிட இருபதே நாள் மூத்தவர், சிறுவயது முதலே போட்டியாளர். அந்தத் தங்கம் அவருக்கு உரியதுதான். ஆனால் மாவோ அந்தப் போட்டியில் ஷார்ட் புரோகிராம் என்ற குறுகிய ஆட்டத்தில் ஒன்று, ஃப்ரீ ஸ்கேட் என்ற நீண்ட ஆட்டத்தில் இரண்டு என்று மொத்தம் மூன்று டிரிபிள் ஆக்ஸல்களை இறக்கினார். ஒரே போட்டியில் மூன்றைச் செய்த முதல் பெண் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறினார். அடுத்த மாதமே டுரினில் மறுபடி உலக சாம்பியன்.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னை முழுதாக அவருடைய ரசிகனாக்கியது. கையில் ஒலிம்பிக் வெள்ளி, உலகப் பட்டம், வயது பத்தொன்பது. வேறு யாராக இருந்தாலும் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள். மாவோ நொபுவோ சாத்தோ என்ற மூத்த பயிற்சியாளரிடம் போய், தன் தாவல்கள் அத்தனையையும் அடியிலிருந்து திருத்தி அமைக்கத் தொடங்கினார். கச்சேரிகளில் கொடிகட்டிப் பறக்கிற பாடகி ஒருவர், பிசிறு தட்டுகிறதென்று மறுபடி சரளி வரிசையிலிருந்து ஆரம்பித்தால் எப்படியிருக்கும்! விலையும் கொடுத்தார். அந்த ஆண்டு சொந்த ஊர் நகோயாவிலேயே நடந்த என்.எச்.கே. கோப்பையில் எட்டாவது இடம். பாரிஸில் ஐந்தாவது. மறு ஆண்டு உலகப் போட்டியில் ஆறாவது. மாவோவின் காலம் முடிந்தது என்று பேச்சுக் கிளம்பியது. அவர் பயிற்சியை விடவில்லை.

2011 டிசம்பரில் கனடாவின் கியூபெக்கில் போட்டிக்காகப் போயிருந்தபோது தாய் கவலைக்கிடம் என்று செய்தி வந்தது. போட்டியை விட்டுவிட்டு விமானம் ஏறினார். அவர் வந்து சேருவதற்குள் தாய் போய்விட்டார். அதே மாதம் தேசியப் போட்டி. கலந்துகொண்டார், வென்றார். அந்த ஆட்டத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வார்த்தை இல்லை.

இப்போது சோச்சி.

2014 பிப்ரவரி 19, ஷார்ட் புரோகிராம். இசை ஷோப்பனின் நாக்டர்ன். முதல் தாவலே டிரிபிள் ஆக்ஸல், விழுந்தார். அடுத்ததில் சுற்றுக் குறைந்தது. கடைசியாக இரண்டு தாவல்களை இணைத்துச் செய்ய வேண்டிய இடத்தில் இணைப்பே நடக்கவில்லை. 55.51 புள்ளிகள், பதினாறாவது இடம். தங்கம் வெல்வார் என்று நாடே காத்திருந்த பெண், வெறித்த பார்வையோடு ரிங்கைவிட்டு வெளியே வந்தார். மறுநாள் ஜப்பானின் முன்னாள் பிரதமர் யோஷிரோ மோரி, இந்தப் பெண் முக்கியமான நேரத்தில் எப்போதும் விழுந்துவிடுகிறார் என்கிற பொருளில் பேசினார். அப்போது 2020 டோக்கியோ ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் தலைவராகவும் இருந்தவர் பேசுகிற பேச்சா அது?

பிப்ரவரி 20 இரவு, ஃப்ரீ ஸ்கேட். பதக்கத்துக்கு வாய்ப்பே இல்லை. பதினாறாவது இடம் என்பதால் முன்னணி வீராங்கனைகள் வருவதற்கு வெகுமுன்பே, இரண்டாவது குழுவில் ஆட வேண்டும். டிரிபிள் ஆக்ஸலை விட்டுவிட்டு எளிதான ஒன்றை ஆடிவிட்டுப் போயிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மாவோ கறுப்பும் நீலமும் கலந்த உடையில் நடுவில் வந்து நின்றார். ராக்மனினோவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ. அந்தக் கனத்த பியானோ ஒலிகள் எழ, நீளமாக வழுக்கிக்கொண்டு போனார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. எழும்பினார். மூன்றரைச் சுற்று. இறங்கினார், சுத்தமாக!

நான் நாற்காலியைவிட்டு எழுந்து கத்தினேன், வீட்டில் எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. ஃபிளிப், லூப், லட்ஸ், டோலூப், சால்கோ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆறு வகைத் தாவல்களும் மூன்று சுற்றும் அதற்கு மேலுமாக, மொத்தம் எட்டு. நடுவர்கள் சிலவற்றில் சுற்று சற்றுக் குறைவு, விளிம்பு சரியில்லை என்று குறித்தார்கள். குறிக்கட்டும், அது அவர்கள் வேலை. கடைசித் தாவல் முடிந்து, இசைக்குழு முழுதும் பொங்கி எழுகிற இடத்தில் காலடி வரிசை தொடங்குகிறது. தத்தியானா தராசொவா அமைத்த நடனம் அது. மூன்று நிமிடத்துக்கு மேல் ஆடிய கால்கள் வேகம் குறைய வேண்டும், அங்கே கூடியது. முந்தின நாள் அடக்கிவைத்தது அத்தனையும் கால்வழியே கொட்டுவதுபோல் ரிங்கின் குறுக்கே சுழன்று சுழன்று போனார். இசை நின்றது. முகத்தை மேலே தூக்கியபடி நின்றவருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே நான்கு பக்கமும் குனிந்து வணங்கினார். நானும் அழுதேன்.

142.71 புள்ளிகள். அவருடைய வாழ்நாளிலேயே மிகச் சிறந்த ஃப்ரீ ஸ்கேட் அது. அந்த இரவின் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர் மூன்றாவது, வெண்கலம் வென்ற கரோலினா கோஸ்ட்னருக்கும் மேலே. முந்தின நாள் புள்ளியையும் சேர்த்தால் 198.22, ஆறாவது இடம். நாடு திரும்பியபின் நிருபர்கள் மோரியின் பேச்சைப் பற்றிக் கேட்டபோது, அவரே இப்போது கொஞ்சம் வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். இந்தப் பெருந்தன்மைக்கே இன்னொரு பதக்கம் தரலாம்.

மறுமாதம் சைதாமாவில் உலகப் போட்டி. அதே நாக்டர்ன், அதே டிரிபிள் ஆக்ஸல், இம்முறை 78.66 புள்ளிகள். ஷார்ட் புரோகிராமில் பெண்களுக்கான அன்றைய உலக சாதனை அது. மூன்றாவது உலகப் பட்டமும் கைக்கு வந்தது. ஓராண்டு ஓய்வெடுத்துத் திரும்பியவருக்கு உடம்பு பழையபடி ஒத்துழைக்கவில்லை. 2016 தேசியப் போட்டியில் பன்னிரண்டாவதாக வந்தார். அன்றும் டிரிபிள் ஆக்ஸலுக்கு முயன்றார் என்பதைத்தான் நான் பெருமையாகச் சொல்வேன். 2017 ஏப்ரலில், இருபத்தாறு வயதில், போட்டிகளிலிருந்து விலகினார். பிறகு ஜப்பான் முழுக்கத் தன் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பனிநடன நிகழ்ச்சிகள் நடத்தினார். 2024இல் டோக்கியோவின் தச்சிகாவாவில் அவர் பெயரிலேயே மாவோ ரிங்க் திறக்கப்பட்டிருக்கிறது.

இதுவரை ஃபிகர் ஸ்கேட்டிங் பார்த்ததே இல்லை என்றாலும் பரவாயில்லை. சோச்சி ஆட்டங்களின் காணொளிகள் இணையத்தில் கிடைக்கின்றன. முதலில் 19ஆம் தேதி ஷார்ட் புரோகிராமைப் பாருங்கள். விழுவது கஷ்டமாக இருக்கிறதென்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். உடனே 20ஆம் தேதி ஃப்ரீ ஸ்கேட்டைப் போடுங்கள். ஒலியைக் கூட்டி வையுங்கள், பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களையும் உட்காரவைத்துப் பாருங்கள்.