பாலும் நீரும் பிரியாத அன்னம்
('பிளாக் ஸ்வான்' திரைப்படம் – ஒரு திறனாய்வு)

அன்னத்தைப் பற்றி நம் முன்னோர் வழங்கிய செய்திகளுள் இரண்டு நாம் நன்கறிந்தவை. ஒன்று அதன் நடை. மகளிர் நடைக்கு அதனை உவமை கூறாத புலவர் அரியர். மற்றொன்று, பாலிற் கலந்த நீரை நீக்கிப் பாலை மட்டும் அருந்தும் அதன் ஆற்றல். முன்னது உடலின் அழகு. பின்னது அறிவின் தெளிவு. முன்னது முதிர முதிரப் பின்னதை இழந்துபோன ஒரு பெண்ணின் கதையே 2010-ஆம் ஆண்டு வெளிவந்த 'பிளாக் ஸ்வான்' என்னும் அமெரிக்கத் திரைப்படம். டேரன் அரனாஃப்ஸ்கி இயக்கிய இப்படத்தின் நாயகியாக நடித்த நாட்டலி போர்ட்மன், சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதை 2011-இல் பெற்றார். விருது பெற்றது என்பதற்காக நாம் இதனை ஆராயவில்லை. பிள்ளைகளுக்கு ஆடலும் பாடலும் கற்பிக்கும் இல்லங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா ஒன்று இதனுள் இருக்கிறது.

இரண்டு அன்னங்கள்

சைகோவ்ஸ்கி இசையமைத்த 'அன்ன ஏரி' என்னும் பாலே நாடகம் 1877-இல் மாஸ்கோவில் அரங்கேறியது. இன்று ஆடப்பெறும் வடிவங்களுட் பெரும்பாலானவை, இசையமைத்தவர் மறைந்தபின் 1895-இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் பெட்டிப்பாவும் இவானொவும் அமைத்த வடிவத்தை அடியொற்றியவை. மந்திரவாதி ஒருவனால் அன்னமாக்கப்பட்ட ஓடெட், உண்மைக் காதலால் மட்டுமே மீள முடியும். அவளிடம் மனம் வைத்த இளவரசனை, மந்திரவாதியின் மகள் ஓடீல் அவளைப்போலவே தோன்றி மயக்கிவிடுகிறாள். இவ்விரு வேடங்களையும் ஒருத்தியே ஆடுவது மரபு. வெள்ளை அன்னத்துக்கு நெகிழ்ச்சி வேண்டும். கரிய அன்னத்துக்கு மிடுக்கும் மயக்கும் திறமும் வேண்டும்.

நியூயார்க் நகரத்துப் பாலே குழுவொன்றில் ஆடும் நீனா, வெள்ளை அன்னத்தைப் பிழையற ஆடுபவள். கரிய அன்னம் அவளுக்கு வசப்படவில்லை. இயக்குநர் தோமா அவளை இகழ்ந்தும் தீண்டியும் தூண்டுகிறான். புதிதாக வந்த லில்லி, இலக்கணப் பிழையோடேனும் இயல்பாக ஆடுகிறாள். தன் இடத்தை அவள் பறித்துக்கொள்வாள் என்னும் அச்சம் நீனாவைப் பற்றுகிறது. அவ்வச்சம் வளர்ந்து, நிகழ்ந்தது எது, நினைத்தது எது என்று அவளால் பிரித்தறிய முடியாத நிலைக்குக் கொண்டுசெல்கிறது.

மெய்யில் தோன்றிய அச்சம்

உள்ளத்து உணர்ச்சி உடலிற் புலப்படுவதை மெய்ப்பாடு என்று வகுத்த தொல்காப்பியர், அதன் வகை எட்டனுள் அச்சத்தையும் வைத்தார். இப்படத்தின் உயிர் அந்த மெய்ப்பாட்டிலேயே இருக்கிறது. நீனா தன் அச்சத்தை வாய்விட்டுச் சொல்வது குறைவு; அவள் தோல் சொல்கிறது. தோளின் பின்புறம் நகக்கீறல் தோன்றுகிறது. விரல் நுனியில் குருதி கசிகிறது. பின்னர் அக்கீறலிலிருந்து கருஞ்சிறகின் முனை எழுகிறது. கரிய அன்னமாக அவள் அரங்கிற் சுழலும்போது கைகள் முழுவதும் சிறகுகளாகின்றன. அவள் காண்பது மாயமே என்று நம் அறிவு சொன்னாலும், நம் கண் அதனைக் கண்டுவிட்டது. பாலையும் நீரையும் பிரிக்க முடியாத நிலையில் நம்மையும் நிறுத்துவதே இயக்குநரின் திறம்.

ஒளிப்பதிவாளர் மேத்யூ லிபாட்டிக், கையிலேந்திய கருவியோடு நீனாவின் பிடரிக்குப் பின்னாலேயே நடக்கிறார். அவளை யாரோ தொடர்கிறார்கள் என்று தோன்றுகிறது, தொடர்பவர் நாமே. ஆடற்கூடத்திலும் இல்லத்திலும் எங்கும் கண்ணாடிகள். தன் பிழையைத் தானே கண்டு திருத்தவே ஆடுபவளுக்குக் கண்ணாடி வைக்கப்படுகிறது. இங்கோ, அவள் அசையாதபோதும் அவள் நிழலுரு அசைகிறது. குற்றம் காட்ட வந்த கருவியே பகையாகிறது. அரங்கேற்ற நாளில் அவள் லில்லியைக் குத்தியதாக எண்ணுவதும் உடைந்த கண்ணாடித் துண்டினாலேயே. அத்துண்டு பாய்ந்தது தன் வயிற்றிலேயே என்பதை அவள் பிறகுதான் அறிகிறாள்.

தாயின் குற்றமும் தாயின் கண்ணீரும்

பார்பரா ஹெர்ஷி நடித்த தாய் எரிக்காவை முதன்முறை பார்த்தபோது நாம் வெறுத்தோம். ஒரு காலத்தில் பாலே ஆடியவள். மகள் பிறந்ததால் ஆடலை விட்டவள். வளர்ந்த மகளின் அறையை இன்னும் இளஞ்சிவப்புப் பொம்மை அறையாகவே வைத்திருக்கிறாள்; மகளின் நகத்தைத் தானே வெட்டுகிறாள்; கதவுக்குத் தாழ் கூட இல்லை. தான் எட்டாத கனியை மகள் கையாற் பறிக்க நினைப்பவள் என்று முடிவு கட்டினோம்.

இரண்டாம் முறை பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. மகள் நோயுற்றிருக்கிறாள் என்பதை உணர்ந்து, அவளை அரங்கிற்குச் செல்லவிடாமல் தடுக்க முயன்றவள் இத்தாய் ஒருத்தியே. இயக்குநனுக்கு வேண்டியது ஆட்டம். அவையோருக்கு வேண்டியது வியப்பு. மகள் உயிரோடிருக்க வேண்டும் என்று விரும்பியவள் அவளே. ஆனால் எந்நாளும் தடுத்தவளின் சொல், தடுக்க வேண்டிய நாளில் எடுபடவில்லை. இறுதிக் காட்சியில் அவையில் அமர்ந்து அழும் அம்முகம், படத்தின் மிக ஆழமான இடம் என்பது நம் கருத்து.

நாம் காணும் குறை

முடிவில் நீனா குருதி தோய்ந்து கிடக்கிறாள். அவையில் ஆரவாரம் ஓங்குகிறது. தான் முழுமையை அடைந்ததாகச் சொல்லி அவள் கண் மூட, திரை வெண்மையாகிறது. இங்கேதான் நாம் மாறுபடுகின்றோம். தோமாவின் இழிந்த முறைகள் எல்லாம் இறுதியில் வெற்றி தந்தனவாகத் தோன்றும்படி படம் அமைந்துவிட்டது. அவனைக் குற்றவாளி என்று காட்டிய கதையே, அவன் கேட்ட ஆட்டத்தை அவனுக்குக் கொடுத்தும் விடுகிறது. கலை உயிரைக் கேட்கும் என்பது பழைய மயக்கம். 1948-இல் பாவலும் பிரஸ்பர்கரும் எடுத்த 'ரெட் ஷூஸ்' படத்திலும் பாலே நாயகி உயிர் துறந்தாள். ஆனால் அப்படம் ஆடலின் இன்பத்தையும் நிறையக் காட்டியது. இங்கே நீனா ஆடி மகிழ்ந்த ஒரு நாளைக்கூட நாம் காண்பதில்லை. இன்பமே இல்லாத உழைப்பின் முடிவை முழுமை என்று எவ்வாறு ஏற்பது?

இதற்கு மாறான ஒரு வரலாறு உண்டு. 'மடியும் அன்னம்' என்னும் ஆட்டத்தால் உலகப் புகழ் பெற்ற அன்னா பாவ்லொவா, தம்மிடம் பாலே கற்க விழைந்த ருக்மிணி தேவிக்கு அதற்கு வழி செய்தார். கூடவே, உங்கள் நாட்டுக் கலையையும் தேடுங்கள் என்று அறிவுரை கூறினார். பரதநாட்டியத்திற்கும் 1936-இல் சென்னையில் தோன்றிய கலாக்ஷேத்திரத்திற்கும் அச்சொல் ஒரு தூண்டுகோலாயிற்று. ஒருவரை மற்றொருவராக்க முயல்வது தோமாவின் வழி. அவரவர் வழியை அவரவர்க்குக் காட்டுவது பாவ்லொவாவின் வழி. நீனாவோ, தனக்கு முன் ஆடிய பெத்தின் உதட்டுச் சாயத்தையும் திருடித் தான் அவளாக முயன்றவள்.

தாய்மண்ணை விட்டு வந்த நாம், நம் பிள்ளைகளின் சலங்கையொலியில் ஊரையே கேட்கின்றோம். அதனாலேயே அவர்கள்மீது நாம் ஏற்றும் சுமையும் கூடுகிறது. மேடையிலிருந்து இறங்கிவரும் குழந்தையிடம், எங்கே தவறினாய் என்று கேட்பதே நம்முட் பலர்க்கு வழக்கம். ஆடும்போது மகிழ்ச்சியாக இருந்ததா என்று முதலிற் கேட்போம். தவறுகளை மறுநாள் பேசிக்கொள்ளலாம்.