பத்து வாட்ஸில் பாடும் பெட்டி

ஸ்டீரியோ வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" ரிச்சி தெருவில் கொஞ்ச நேரம் நின்றால் இது காதில் விழுந்துகொண்டே இருக்கும். என் வீட்டில் இப்போது பாடுகிற ஆம்ப்ளிஃபையர் பக்கத்துக்குப் பத்து வாட்ஸ்தான். ஸ்பீக்கரின் உயரம் 30 சென்டிமீட்டர். இந்த ஜோடியில் எம்.எஸ். பாடத் தொடங்கினால், அந்த அம்மாள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்றே தோன்றும். இதைவிடச் சங்கீதமான ஸ்டீரியோவை நான் கேட்டதில்லை.

கேட்டவை கொஞ்சநஞ்சமல்ல. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, டிடிகே 90 கேசட்டில் பதிந்து வாங்கிய காலத்திலேயே பிடித்த பித்து இது. ஜப்பான் டெக், ஆளுயர ஸ்பீக்கர், தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்த டிரான்சிஸ்டர் ஆம்ப் என்று எத்தனையோ வீட்டுக்கு வந்தன, போயின. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று பிரமாதம். ஒன்றில் ஜால்ரா பளிச்சென்று தெறிக்கும். இன்னொன்றில் பேஸ் வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஆனால் ஓர் ஆலாபனையை முழுக்க உட்கார்ந்து கேட்க எதுவும் விடவில்லை. பாதியிலேயே கை அடுத்த தட்டைத் தேடும். சத்தம் எப்படி இருக்கிறது என்று மனசு சோதித்துக்கொண்டே இருக்கும். பாட்டு அது பாட்டுக்குப் போய்விடும்.

மயிலாப்பூரில் இசைத்தட்டு சேகரிக்கும் ஒரு பெரியவர் வீட்டில்தான் இதெல்லாம் மாறியது. ஆம்ப் எவ்வளவு சக்தி என்று விசாரித்தேன். "அதெல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி. முதல்ல தம்புராவைக் கேளுங்க" என்று ஊசியை இறக்கினார்.

பெரும்பாலான செட்டுகளில் தம்புரா என்பது பின்னால் ஓடும் ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். அங்கே நான்கு தந்திகளும் தனித்தனியாகக் கேட்டன. குதிரையின் மேல், தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, இம்மி இம்மியாக நகர்த்திப் பதம் பார்ப்பார்கள் இல்லையா, அந்த நூல் சரியான இடத்தில் நின்றதும் பிறக்கிற ஜீவன்கூடக் காதுக்கு எட்டியது. மந்தர சட்ஜத் தந்தியை மீட்டினால் அதற்குள்ளிருந்து அந்தர காந்தாரம் தானாக எழும்பும் என்று வித்வான்கள் சொல்வார்கள். எழும்பியது! ஸ்பீக்கர் வழியாக அதை நான் கேட்டது அன்றுதான். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அங்கே பாடிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பெயர் எல்எஸ்3/5ஏ. 1970-களில் பிபிசி தன் சொந்த உபயோகத்துக்காக உருவாக்கியது. வெளிப்புற ஒலிபரப்புக்குப் போகிற வேனுக்குள் பொறியாளர் ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்து, பேசுகிறவரின் குரல் ஒழுங்காக வருகிறதா என்று கவனிக்க வேண்டும். பெரிய பெட்டிக்கு அங்கே இடமில்லை. விற்பதற்கென்று பிறக்காததால் கடையில் ஆளை அசத்த வேண்டிய கட்டாயம் அதற்கு இருக்கவில்லை. குரல் குரலாகக் கேட்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம்! பிறகுதான் ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டார் முதலிய கம்பெனிகள் பிபிசியிடம் உரிமம் வாங்கி வெளியே விற்றன.

அதன் கட்டுமானத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆசை அடங்குவதில்லை. உள்ளே கெஃப் கம்பெனியின் இரண்டு டிரைவர்கள்: ஐந்து அங்குல பி110, உச்ச ஒலிக்கு டி27. ஸ்பீக்கர் பெட்டி என்றால் பலகை தடியாக இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பிபிசிக்காரர்கள் மெல்லிய பிர்ச் பிளைவுட்டை எடுத்து, உள்பக்கம் தார் சேர்ந்த அட்டையை ஒட்டி அதிர்வை அடக்கினார்கள். மிஞ்சுகிற அதிர்வும் குரலின் எல்லையை விட்டுக் கீழே தாழ்ந்துவிடும். டி27-ஐச் சுற்றிக் கம்பளிப் பட்டைகள். முன்துணியைக் கழற்றக் கூடாது. துணியோடு கேட்பதற்காகவே எல்லாம் அளந்து செய்யப்பட்டிருக்கிறது.

அலைந்து தேடி ஒரு ஜோடி ரோஜர்ஸ் எனக்கும் கிடைத்தது. பழைய ரகம், 15 ஓம். அதற்குத் துணையாக 1958-ல் பிரிட்டனில் வந்த லீக் ஸ்டீரியோ 20 வால்வு ஆம்ப். பக்கத்துக்கு இரண்டு இஎல்84 வால்வு. இந்த இரண்டும் சேருகிற சேர்த்தி அலாதி. ஜப்பான், அமெரிக்கச் சாமான்களுக்குப் போல வோல்டேஜைக் குறைக்கத் தனிப் பெட்டியும் தேவையில்லை. நம் ஊர் மின்சாரத்திலேயே ஓடும். வால்வு சூடேறக் கால் மணி நேரம் கொடுத்துவிட்டு உட்காருவேன்.

வீணை எஸ். பாலசந்தரின் இசைத்தட்டைப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டுதான். அந்த ஒரே மீட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து ஸ்வரம் ஸ்வரமாக எடுத்துக்கொண்டே போவார். நாதம் தேய்ந்துகொண்டே வரும். மற்ற செட்டுகளில் மூன்றாவது ஸ்வரத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த இடத்தில், இதில் இன்னும் இரண்டு ஸ்வரம் மூச்சுப்போல நின்று ஒலிக்கிறது. அடடா! மிருதங்கத்தில் தொப்பியில் ரவை அப்பிய ஈரத்தோடு கும்கி வழுக்கிக்கொண்டு எழுவது அப்படியே தெரியும். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-ல் வந்தபோது கேசட்டில் தேயத் தேயக் கேட்டவன் நான். வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்கு அடியில் மற்ற வயலின்கள் ஒன்றை ஒன்று துரத்துவது இந்தப் பெட்டியில்தான் எனக்குக் கோடு கோடாகப் பிரிந்து விளங்கியது.

கூடத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மொசைக் தரையும் வெற்றுச் சுவரும் எதிரொலித்துக் குரலைக் கெடுக்கும். ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்து, பின்சுவரில் புத்தக அலமாரியை நிறுத்தினேன். பாதிக் குறை தீர்ந்தது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி, காது உயரத்துக்கு ஸ்டாண்டில் வைக்க வேண்டும். கேட்கும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டும். சென்னை மே மாதத்திலும் நான் நிறுத்துகிறேன், வியர்த்தால் வியர்க்கட்டும்.

நெஞ்சதிரும் குத்துப்பாட்டுக்கு இது சரிவராது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. பெரிய ஹாலை நிரப்பவும் முடியாது. நடுத்தரக் கூடம், குரல், வயலின், வீணை என்றால் இதற்கு மிஞ்சி எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்வேன். பழைய ஜோடி வாங்கினால் இரண்டு பெட்டியும் ஒரே ஜோடியாகத் தயாரானவையா என்று எண்ணைப் பார்த்து வாங்குங்கள். புதிதே வேண்டுமென்றால், பி110-ஐயும் டி27-ஐயும் வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் தொடங்கிய ஃபால்கன் அக்கூஸ்டிக்ஸ் இன்றும் எல்எஸ்3/5ஏ செய்கிறது. பிபிசியிலிருந்து வந்த டட்லி ஹார்வுட் தொடங்கிய ஹார்பெத்தின் பி3இஎஸ்ஆரும் இதே வம்சம்தான்.

எதை வாங்கினாலும், உங்களுக்கு மனப்பாடமான ஒரு குரலின் தட்டைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் போடுகிற டெமோவை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓர் ஆலாபனையை முழுசாகப் போடச் சொல்லி, முடிகிறவரை எழுந்திருக்க மனம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அதையே வாங்குங்கள்.