நீதிபதி எழுதிய நாவலில் வழக்குரைஞர் எங்கே?

மருங்காபுரிப் பகுதி வானம் பார்த்த பூமி. அங்கே மண்ணைவிடத் தண்ணீருக்காகவே உறவுகள் முறிவதுண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் நாம் பணியாற்றியபோது, ஒரு மாலைத் திருப்பலி முடிந்ததும் விவசாயி ஒருவர் நம்மைக் காண வந்தார். பங்காளியோடு கிணற்றுப் பாத்தியம் குறித்த வழக்கு அது. மூன்றில் ஒரு பங்கு நீருக்குச் சமாதானமாகப் போகலாம் என்றது எதிர்த்தரப்பு. ஏற்றுக்கொள்ளும்படி அவருடைய வழக்குரைஞரும் சொல்லிவிட்டார். "பாதிப் பங்கு பாட்டன் காலத்துப் பாத்தியம், சாமி. உண்மை நம்ம பக்கம் இருக்கையில எதுக்கு விட்டுக்கொடுக்கணும்?" என்று கேட்டார் அவர்.

அந்நாள்களில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' நம் மேசைமேல் விரிந்து கிடந்தது. அதன் வேகம் நம்முள்ளும் இருந்தது. "உண்மைக்கு விலை பேசவேண்டாம், ஐயா" என்று சொல்லி அனுப்பினோம். அதனால் நேர்ந்ததைக் கடைசியில் சொல்வோம். முதலில் நூலைப் பார்ப்போம்.

1879-இல் வெளிவந்த இந்நூல் தமிழின் முதல் நாவல் என்பதை யாவரும் அறிவர். ஆசிரியர் 1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பின்னர் முன்சீப்பாகப் பல ஊர்களில் நீதி வழங்கியவர். எனவே, நீதிமன்றத்தைப் பற்றி அவர் எழுதியது கேள்வி ஞானமன்று.

நாவலில் விக்கிரமபுரி என்றோர் ஊர் வருகிறது. செருப்புத் தைத்த கூலி பற்றிய சில்லறைத் தகராறில் கதாநாயகன் பிரதாபன் அங்கே சிறைப்படுகிறான். அவனைத் தேடிவந்த மனைவி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அந்நாட்டுக்கே அரசராகி, நீதியை நிலைநிறுத்துகிறாள். வழக்கு நடத்தும் முறைகேடுகளை ஆசிரியர் இப்பகுதிகளில் வெளுத்து வாங்குகிறார். கட்சிக்காரரும் வழக்குரைஞரும் நீதிபதியும் தமிழராகவே இருக்க, ஒருவருக்கும் தாய்மொழியாகாத ஆங்கிலத்தில் வாதம் நடக்கும் கேலிக்கூத்தை அவர் சாடியிருப்பது இன்றும் சுடுகிறது. இவையெல்லாம் நூலின் பெருமைகள். அவற்றைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை.

ஆயினும் ஒரு குறை உண்டு. ஞானாம்பாளுக்கு ஐயம் என்பதே இல்லை. குற்றவாளி யார், நிரபராதி யார் என்பது அவளுக்கு முன்னரே தெரியும், வாசகருக்கும் தெரியும். பிரதாபனின் குணத்தை அவள் அறிந்திருப்பதுபோல் எந்த நீதிபதியும் எதிரே நிற்பவரை அறிந்திருப்பதில்லை. உண்மை வெளிச்சத்தில் நிற்கும் உலகில், வழக்குரைஞர் ஒன்று தேவையற்றவர், அல்லது அவ்வெளிச்சத்தை மறைக்க வந்தவர். நாவலில் அவர் அவ்வாறு தோன்றுவதில் வியப்பில்லை.

நடைமுறையோ வேறு. நீதிபதி வழக்கின் முடிவில் இருந்து திரும்பிப் பார்க்கிறார். வழக்குரைஞர் அதன் தொடக்கத்தில் நின்று, இருளை நோக்கி அடியெடுத்து வைக்கிறார். கட்சிக்காரர் சொல்வது முழு உண்மையா? பத்திரத்தின் இந்தச் சொல்லுக்கு நீதிமன்றம் என்ன பொருள் கொள்ளும்? இந்தச் சாட்சி கூண்டில் ஏறியபின் உறுதியாக நிற்பாரா? இன்னொரு கேள்வி கேட்டால் நன்மையா, அல்லது இதுவரை பெற்றதும் போய்விடுமா? விடை தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்று மூத்தோர் இளையோருக்குச் சொல்வதன் காரணம் இதுவே. வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' அதிகாரத்தில், செயலில் இறங்குமுன் இழப்பையும் ஆக்கத்தையும் பின்வரும் ஊதியத்தையும் சீர்தூக்கச் சொன்னது இத்தகைய வேளைக்கே.

சட்டமும் இதை அறிந்தே பேசுகிறது. நாவல் வெளிவருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1872-இல் வந்தது இந்தியச் சாட்சியச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆனால் 'மெய்ப்பிக்கப்பட்டது' என்பதற்கான விளக்கத்தின் கருத்து மாறவில்லை. விவேகமுள்ள ஒருவர் நம்பிச் செயல்படத்தக்க அளவுக்கு ஒன்று நிகழ்ந்திருக்கக்கூடும் என்றால் போதும் என்பதே அது. முழு நிச்சயத்தைச் சட்டம் கேட்கவில்லை, விவேகத்தையே கேட்கிறது.

விவேகம் என்பது திருச்சபைக்குப் பழகிய சொல். புனித அல்போன்ஸ் லிகோரியார் 16 வயதிலேயே சட்டத்தில் பட்டம் பெற்று, நேப்பிள்ஸ் நகரில் புகழ்பெற்ற வழக்குரைஞராக விளங்கியவர். 1723-இல் ஒரு பெரிய வழக்கில் தோற்றார். முக்கிய ஆவணம் ஒன்றின் பொருளைக் கவனியாமல் விட்டதே தோல்விக்குக் காரணம் என்று அவருடைய வரலாறு பொதுவாகச் சொல்லப்படுகிறது. தொழிலைத் துறந்து குருவான அவர், பின்னாளில் அறநெறி இறையியலில் பேராசானாக உயர்ந்தார். அவர் ஆராய்ந்த கேள்விகளுள் தலையாயது எது? நிச்சயம் கிட்டாதபோது மனச்சான்று எவ்வாறு முடிவெடுப்பது என்பது. எல்லாவற்றிலும் கடுமையானதையே சுமத்துவோர் ஒருபுறம். எதற்கும் சாக்குக் கண்டுபிடிப்போர் மறுபுறம். இருவருக்கும் இடையே காரணங்களை நிறுத்துப் பார்க்கும் வழியை அவர் காட்டினார். நீதிமன்றத்தில் பட்ட காயம் ஒப்புரவு அருட்சாதனத் தொட்டிக்கு மருந்தாயிற்று என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

ஐயம் என்பதைச் சொல்லியே அநியாயத்துக்குத் துணைபோகலாமா என்று வாசகர் கேட்கலாம். கூடாது. புனித தாமஸ் அக்குவினாஸ் இதற்கு எல்லை வகுத்திருக்கிறார். அநீதியென்று அறிந்த வழக்கை வாதிப்பது பாவம். நீதியென நம்பி எடுத்த வழக்கு இடையில் அநீதியெனத் தெரிந்தால், கட்சிக்காரரின் இரகசியத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கவும் கூடாது, தொடரவும் கூடாது. விலகிக்கொள்ளலாம், அல்லது விட்டுக்கொடுக்கவோ சமரசம் செய்யவோ கட்சிக்காரரைத் தூண்டலாம். அறியாமையை மன்னிக்கும் அப்பெருமகனார் அறிந்தபின் நடிப்பதை மன்னிக்கவில்லை.

வேதநாயகரின் நாவலில் நாம் காணாத வழக்குரைஞரை விவிலியத்தில் காண்கிறோம். தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தில், பொய்க்குற்றம் சாட்டப்பட்ட சூசன்னாவுக்காக இளைஞர் தானியேல் எழுந்து நிற்கிறார். இறைவனே அவரைத் தூண்டினார். ஆயினும் அவர் வெறுமனே முழங்கிவிட்டுப் போகவில்லை, விசாரித்தார். முதியோர் இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்ற ஒரே கேள்வியைக் கேட்டார். ஆளுக்கொரு மரத்தைச் சொன்னார்கள், பொய் உடைந்தது. உண்மையை நேசித்தவர் அதை வெளிக்கொணரும் வழியையும் யோசித்தார். ஞானாம்பாளிடம் முதலாவது உண்டு. இரண்டாவதற்கு ஆசிரியர் அவளுக்கு வாய்ப்பே தரவில்லை.

எனினும் வேதநாயகரை நாவலை மட்டும் கொண்டு நிறுப்பது முறையாகாது. 1805 முதல் 1861 வரையிலான உயர்நீதித் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று தந்தவரும் அவரே. இன்று அதைப் படிப்பவர் அரிது. ஆனால் முன்னைய வழக்குகளில் என்ன முடிவாயிற்று என்பதை ஆங்கிலம் அறியாத ஒருவர் அறிய முடிந்தால், அவருடைய இருளில் ஒரு விளக்கு ஏற்றப்படுகிறது. வழக்கின் நிச்சயமின்மைக்கு வேதநாயகர் தந்த நல்ல மறுமொழி புகழ்பெற்ற நாவலில் இல்லை. மறக்கப்பட்ட அந்த நூலிலேயே இருக்கிறது என்பது நம் முடிவு.

இனி அந்த விவசாயி. வழக்கு ஆறு ஆண்டு இழுத்தது. பாத்தியத்தை நேரில் அறிந்த ஒரே சாட்சியான பழைய கர்ணம் இரண்டாம் ஆண்டில் காலமானார். மூல ஆவணம் கிடைக்கவில்லை. வழக்குத் தள்ளுபடியாயிற்று, மூன்றில் ஒரு பங்கும் போயிற்று. பின்னொரு நாள் அந்த வழக்குரைஞரைச் சந்தித்தோம். "உண்மை அவருக்குத் தெரியும், ஃபாதர். எதை நிரூபிக்க முடியும் என்பது எனக்குத் தெரியும். கர்ணத்தின் வயதும் எனக்குத் தெரியும்" என்றார். குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. அதனாலேயே அது நம்மை அதிகம் குத்தியது.

நாம் உண்மைக்காகப் பேசினோம் என்று அதுவரை எண்ணியிருந்தோம். இன்னொருவரின் தண்ணீரைப் பணயம் வைத்து நம் வீரத்தைக் காட்டினோம் என்பது அன்றுதான் விளங்கிற்று. வழியிலேயே எதிரியோடு உடன்பாடு செய்துகொள் என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறியதை எத்தனையோ முறை பீடத்தில் வாசித்திருக்கிறோம். அதைக் கோழையின் அறிவுரை என்று நம்மையறியாமலே நினைத்திருந்தோம் போலும். நீதிமன்றத்தின் வாசலை மிதிக்குமுன் உள்ள அந்தக் குறுகிய வழியில் மனிதர் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்த விவசாயி நம்மை ஒருநாளும் பழித்ததில்லை. அவர் இப்போது பங்காளியிடமே நீர் வாங்கிப் பாய்ச்சுகிறார்.