புஷ் தலையில் ஒரு காடி

பழைய ஜீப் பிக்கப்பைத் தேற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது கிரில்லை. அப்புறம் பானெட், அப்புறம் பெயின்ட். எனக்கு அதிலெல்லாம் பெரிய ஈடுபாடு இல்லை. தகரத்தை யாரும் தட்டிக் கொடுத்துவிடலாம். தருமபுரிப் பக்கம் இன்னும் உயிரோடிருக்கிற பிக்கப்புகளில் பல, ஜீப்பின் பின்பாதியை வெட்டிச் சரக்குப் பெட்டி கட்டியவை. பெட்ரோல் என்ஜின் இறங்கி டீசல் ஏறியிருக்கும். புளி மூட்டையும் பாலக்கோட்டுத் தக்காளியும் சுமந்து பிழைத்த வண்டி வேறு எப்படி இருக்கும்? அதிகம் கை படாமல் தப்பியது முன்பக்கம்தான். வண்டி எங்கே பிறந்தது என்று தெரிய வேண்டுமானால் நான் பம்பருக்கு அடியில்தான் குனிவேன்.

முன் ஆக்சில் முனையில் இருக்கிற உருண்டை நக்கிளைப் பற்றி ஆசையாகப் பேசுகிறவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால வண்டியில் அதற்குள் பெண்டிக்ஸ்-வைஸ், ரெசெப்பா, டிராக்டா, ஸ்பைசர் என்று நான்கு வகை ஜாயின்ட் வந்ததால் பிரித்துப் பார்க்கும்வரை ஒரு பரபரப்பு இருக்கும். நியாயம்தான். ஆனால் என் மனசு நிற்கிற இடம், ஸ்பிரிங் பட்டையைச் சேசிஸோடு இணைக்கிற யூ ஷேக்கிள்.

நான்கு ஷேக்கிளுக்கு எட்டு மரை புஷ். அவற்றில் ஆறு வலது மரை, இரண்டு இடது மரை. இடது மரை வருவது இடது முன் பட்டையிலும் வலது பின் பட்டையிலும். வலது மரை புஷ்ஷின் அறுகோணத் தலை மொழுக்கென்று இருக்கும். இடது மரைக்குத் தலையைச் சுற்றி ஒரு காடி ஓடும். இடது மரை ஷேக்கிளின் கீழ்க் காலிலும் ஒரு சின்னப் புடைப்பு உண்டு. பிறகு ஒட்டவைத்ததல்ல, அச்சில் அடிக்கும்போதே வந்தது. கிரீசும் செம்மண்ணும் சேர்ந்து இறுகிய வண்டியில் இவை கண்ணுக்குத் தெரியாது. டீசல் தோய்த்த துணியால் நாலு தடவை தேய்த்துவிட்டு நகத்தை வைத்து இழுத்தால், காடியில் நகம் விழும். இருட்டில், முதுகுக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருக்கிற மெக்கானிக்குக்காக யாரோ யோசித்துப் போட்ட அடையாளம் அது. ஜீப்பில் எனக்கு இதைவிடப் பிடித்த ஒன்று கிடையாது.

மாட்டுவதிலும் ஒரு பதம் இருக்கிறது. இரண்டு புஷ்ஷையும் மாற்றி மாற்றித் திருகிக்கொண்டே வர வேண்டும். மேல் புஷ் சேசிஸ் பிராக்கெட்டில் அணைந்து உட்கார வேண்டும்; கீழ் புஷ்ஷின் தலைக்கும் பட்டைக்கும் நடுவே 1/32 அங்குலம் விட வேண்டும், அதாவது முக்கால் மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதல். இறுக்கினால் பட்டை ஆடாது, வண்டி கல்லாகக் குதிக்கும். சின்ன வயதில் பென்னாகரம் ரோட்டுப் பட்டறை ஒன்றில் இந்த வேலையை வேடிக்கை பார்த்திருக்கிறேன். வேகமாகத் திருகிய பையனிடம் மேஸ்திரி, "தம்பி, பலத்தைக் காட்டாத. தலையப் பாத்தியா மொதல்ல?" என்பார். காடியைப் பார்க்காமல் வலது மரை புஷ்ஷை இடது மரைக் காலில் ஏற்றினால் மரை போய்விடும். அப்புறம் ஷேக்கிளைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இப்போது கடையில் கொடுக்கிற மரை புஷ் சிலவற்றில் அந்தக் காடியே இல்லை. இடது மரையா என்று கேட்டால், போட்டுப் பாருங்க சார் என்கிறார்கள். பின்னால் வந்த வண்டிகளில் கம்பெனியே ரப்பர் புஷ்ஷுக்குப் போய்விட்டது, அதைக் குறை சொல்லவில்லை. மரைக்குப் பிறந்த சேசிஸில் ரப்பரைத் திணித்துவிட்டு 'ஒரிஜினல்' என்று விலை பேசும்போதுதான் எரிச்சல் வருகிறது. சுகமாக ஓடுகிறதே என்பார்கள். சுகம் வேண்டுமென்றால் கார் வாங்கலாமே!

பட்டையிலும் இதே கதைதான். போர்க்கால வண்டிகளில் பிந்தி வந்தவற்றின் இடது முன் பட்டைக்குக் கீழே சின்னதாக ஒரு கூடுதல் கட்டு இருக்கும். ஓட்டத்திலும் பிரேக்கிலும் ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவதற்கு வைத்தது. வலது பக்கம் இல்லாததைப் பார்த்து, எவனோ நடுவில் சேர்த்தது என்று கழற்றிவிடுகிறார்கள். அல்லது வலப்புறமும் ஒன்று வைத்துச் 'சமன்' செய்கிறார்கள். இது லாரிப் பழக்கம். ஓசூரில் 1980-ல் லேலண்ட் லாரி ஆலை வந்தபோது ஓசூர் தருமபுரி மாவட்டம். 2004-ல்தான் கிருஷ்ணகிரியோடு போனது. லாரியிலேயே வளர்ந்த கைகள் எங்கள் பக்கத்துக் கைகள். ஜீப்பைக் கொடுத்தாலும் இரண்டு பட்டை சேர்த்துத் தொப்பூர் கணவாய்க்குத் தயாராக்கிவிடும். ஸ்டியரிங் உதறினால் பெல்கிராங்கைக் கழற்றிவிட்டு ஒரே டை ராடாக்குவது இன்னொரு வைத்தியம். கிங்பின் பேரிங்கையும் ஷேக்கிளையும் பார்த்துவிட்டு அதற்குப் போயிருக்கலாம்.

கடைசியாக எஃப் எழுத்து. போர்க்காலத்தில் ஃபோர்டு 2.7 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்து, போல்ட் தலை உட்பட உதிரிகளில் தன் எஃப்-ஐப் பொறித்தது. ஜீப் செய்த இன்னொரு கம்பெனியான வில்லிஸுக்கு முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய், ஃபோர்டுக்குக் கவிழ்த்த யூ. சட்டம் ஃபோர்டு என்று தெரிந்ததும், எஃப் இல்லாத எல்லாவற்றையும் கழற்றி எறியச் சொல்கிற கட்சி ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு கம்பெனி உதிரியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதுதான் ராணுவத்தின் நிபந்தனையே. பட்டறையில் கைக்குக் கிடைத்ததை மாட்டி ஓட்டியிருப்பார்கள். ஃபோர்டு சட்டத்தில் வில்லிஸ் ஷேக்கிள் தொங்கினால் தொங்கட்டும். அந்தக் கட்சிக்கார நண்பர் ஒருவர் எஃப் போல்ட் தேடிச் சேலம்வரை பழைய இரும்புக் கடைகளை அலசிக்கொண்டிருக்கிறார். வழியில் காடி போட்ட புஷ் கண்ணில் பட்டால் எனக்கு இரண்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.