2500 மடங்கா, 5 மடங்கா?

எங்க மாவட்டத்துல ஸ்டார்ச்சோட ரெண்டு முகத்தையும் பார்க்கலாம். சிவகாசியில் பட்டாசுக் குழாய் சுற்ற, தாள் ஒட்ட, பசை நல்லா பிடிக்கணும். ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில், பேண்டேஜ் துணி நெய்யும் ஊரில், நேர் எதிர். தறியில் பாவு அறுந்துடாம இருக்கப் போட்ட கஞ்சி பிறகு முழுசா போயிடணும். மிச்சமிருந்தா துணி ரத்தத்தைச் சரியா உறிஞ்சாது. கஞ்சியை வெட்டிக் கரைத்து, பருத்தியை மட்டும் தொடாமல் விடும் என்சைம்தான் ஆல்ஃபா அமைலேஸ்.

அந்த என்சைமுக்கான ஜீனை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய பழைய கட்டுரை ஒன்று: இல்க்கா பால்வா, 'ஜீன்' இதழ், 1982. பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸின் டிஎன்ஏவை 2,000 முதல் 5,000 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கி, பியுபி110 என்ற பிளாஸ்மிடில் ஒட்டி, பேசில்லஸ் சப்டிலிஸுக்குள் செலுத்தினார். ஏற்றுக்கொண்ட செல் தானே அமைலேஸ் செய்யாத ரகம். இந்தத் தேர்வு அருமை. சாதாரண சப்டிலிஸுக்குச் சொந்தமா ஒரு அமைலேஸ் உண்டு. அதை வைத்துத் தேடியிருந்தால் ஸ்டார்ச்சை வெட்டியது பழசா புதுசா என்று குழம்பியிருக்கும்.

என் சண்டை எண்களோடு. புதிய பாக்டீரியா, மார்பர்க் என்ற சாதாரண சப்டிலிஸ் ரகத்தைவிட சுமார் 2500 மடங்கு அமைலேஸ் தந்தது என்கிறது சுருக்கம். ஜீனைக் கொடுத்த பாக்டீரியாவைவிட சுமார் 5 மடங்கு என்றும் அதே மூச்சில் சொல்கிறது. மறைக்கவில்லை, அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட். ஆனா 2500ஐ 5ஆல் வகுத்துப் பாருங்க: 500. அதாவது, யாரும் கை வைக்கும் முன்பே, ஜீனைக் கொடுத்த பாக்டீரியா மார்பர்க்கைவிட 500 மடங்கு கெட்டி. குளோனிங் சேர்த்தது அந்த 5 மட்டும்தான். எங்க தொழிலில் ஒருத்தன் மெதுவான பழைய சர்வரோட ஒப்பிட்டு பெஞ்ச்மார்க் காட்டினா, மீட்டிங்கிலேயே பிடிச்சுடுவோம்.

அந்த 5ம் யோசிக்க வைக்குது. பியுபி110 ஒரு செல்லில் பத்துக்கணக்கில் நகல்களாக இருக்கும் பிளாஸ்மிட். இத்தனை நகலுக்கு 5 மடங்குதானா? ஜீன் எண்ணிக்கையைத் தாண்டி வேறெங்கோ அடைப்பு இருக்கணும். ஜீனை இயக்கும் கட்டுப்பாட்டிலோ, என்சைமை வெளியே தள்ளும் வாசலிலோ என்பது என் ஊகம். மாற்றியது ஜீனை மட்டுமல்ல, வீட்டையும்தான் என்பதால் அந்த 5ஐ முழுசாக நகல்கள் கணக்கிலும் எழுத முடியாது.

என்னைக் கேட்டால், கட்டுரையின் பெரிய செய்தி வேறொரு வரியில் இருக்கு: உண்டான அமைலேஸ் கிட்டத்தட்ட முழுவதும் வளர்ப்புக் கரைசலுக்கே வந்துவிட்டது. ஈ.கோலையில் செய்திருந்தால் இரட்டைச் சவ்வுக்குள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். செல்லை உடைச்சு, குப்பையை நீக்கி எடுக்கணும். இங்கே செல்லை வடிகட்டினால் போதும், மிச்ச நீரே சரக்கு. பேண்டேஜ் துணி மீட்டருக்குச் சில ரூபாய் விற்கிற பொருள். அதன் கஞ்சியைப் போக்கும் என்சைமுக்கு இந்த ஒரு வரிதான் விலையைத் தீர்மானிக்கும்.