குத்துச்சண்டைப் படமொன்றில் மெய்ப்பாடு

நடிப்பென்றவுடன் பேசுவோனையே நோக்குதல் நம் வழக்கம். கேட்போனை நாம் கருதுவதில்லை. 2010ஆம் ஆண்டில் டேவிட் ஓ. றசல் நெறிப்படுத்திய 'த பைற்றர்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் பெற்ற வரவேற்பும் இத்தகையதே. தமையனாக நடித்த கிறிஸ்தியன் பேலும் தாயாக நடித்த மெலிசா லியோவும் துணைப்பாத்திரங்களுக்கான ஒஸ்கார் விருதுகளைப் பெற்றனர். கதைத்தலைவனாகிய தம்பியாக நடித்த மார்க் வால்பேர்க்கோ நடிகருக்கான பரிந்துரையைத்தானும் பெற்றாரல்லர்.

கதை மெய்வாழ்வினின்றும் எடுக்கப்பட்டது. மசாசூசெற்ஸ் மாநிலத்து லோவல் நகரின் குத்துச்சண்டை வீரன் மிக்கி வார்ட். அவன் தமையன் டிக்கி எக்லண்ட் 1978இல் சுகர் றே லெனாட்டுடன் பொருதவன். அப்போட்டியில் லெனாட் கீழே வீழ்ந்த கணமொன்றையே (அடியாலோ, கால் இடறியோ என்பது வேறு விடயம்) வாழ்நாட் பெருமையாகக் கொண்டு, போதைப்பொருளுக்கு அடிமையானவன்.

பேலின் திறனை மறுப்பார் இலர். தன்னைப் பற்றிய தொலைக்காட்சிப் படத்தைச் சிறையிலிருந்து காணும் டிக்கி, வீரனுக்குரிய பெருமிதத்தோடு வந்தமர்கின்றான். திரையில் தோன்றுவதோ அவனுடைய சீரழிவு. தொல்காப்பியர் வேறுவேறாக வகுத்த பெருமிதமும் இளிவரலும் ஒரே முகத்தில் ஒன்றையொன்று துரத்தக் காண்கின்றோம். உடல் மெலிந்து நடித்தாரென்று பலரும் வியந்தனர். மெலிவு பட்டினியால் வருவது. இம்முகமாற்றம் கலையால் வருவது.

எனினும், இப்பெருக்கைத் தாங்கும் கரை வால்பேர்க்கின் அடக்கமே என்பது எம் கருத்து. தாயும் தமையனும் எழுவர் சகோதரியரும் ஒருங்கே முழங்கும் வீட்டில் அவர் தலைகுனிந்து கேட்கின்றார். விடை சொல்ல வாயெடுத்து அடங்குகின்றார். மிக்கியின் போர்முறையும் அதுவன்றோ? 1997இல் அல்போன்சோ சஞ்செஸுடன் பொருதபோது சுற்றுத்தோறும் அடிபட்டு நின்று, ஈற்றில் விலாப்புறத்தில் இறக்கிய ஒரு குத்தினால் அவன் வென்றான். வளையத்தினுள்ளே வீரன் செய்ததை வீட்டினுள்ளே நடிகர் செய்கின்றார். ஆதலின், தாயையும் தமையனையும் காதலியையும் ஒருங்கே வேண்டுமென்று அவர் இறுதியில் வாய்திறந்து கேட்கும்போது, அச்சில சொற்கள் நெடிய வசனத்தினும் வலியனவாகின்றன.

குறையுமுண்டு. சகோதரியர் எழுவரும் நகைப்புக்குரிய கூட்டமாகவே நிற்கின்றனர். ஒருத்திக்கேனும் தனிமுகம் இல்லை. காதலியாக வரும் ஏமி அடம்ஸின் உறுதியான நடிப்பே பெண்பாத்திரங்களில் தாய்க்கு ஈடுகொடுக்கின்றது. படம் 2000ஆம் ஆண்டில் இலண்டனில் ஷே நியரியை மிக்கி வென்றதோடு முடிகின்றது. அவனுக்குப் பெரும்புகழ் ஈட்டிய, ஆர்த்துரோ கத்தியுடனான 2002, 2003ஆம் ஆண்டுகளின் மூன்று போட்டிகளும் காட்டப்படவில்லை. அவற்றுள் இரண்டில் அவன் தோற்றான். தோல்வியை வால்பேர்க் எங்ஙனம் தாங்கியிருப்பார் என்று காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை.