திருவாலங்காட்டுச் செப்பேடும் சோழர் ‘டிஸ்ட்ராயரும்’

சோழர் கடற்படை பற்றி இணையத்தில் ஒரு பட்டியல் ரொம்ப வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தரணின்னா டிஸ்ட்ராயர், லூலான்னா கார்வெட், வஜ்ரான்னா ஃபிரிகேட், திரிசடைன்னா பேட்டில் குரூசர். கூடவே இன்றைய கடற்படையைப் பார்த்து எழுதியதுபோல ஒரு பதவி வரிசை. கட்டுரை, வீடியோ, வாட்ஸப் என்று எல்லா வடிவத்திலும் இது வருகிறது. மணவூர்க்காரன் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அனுப்புகிறார்கள். எங்கள் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் செப்பேடு கிடைத்த ஊர் அதுதான்.

சரி, அந்தச் செப்பேடு என்ன சொல்கிறது? 1905இல் கிடைத்தது, மொத்தம் 31 ஏடுகள். திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் பழையனூரைக் கொடுத்த தானம்தான் அதன் விஷயம். தானம் கொடுத்தது ராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1018 வாக்கில். கடாரப் படையெடுப்போ 1025. ஆகவே கடாரத்தைப் பாடும் சமஸ்கிருதப் பகுதி பிறகு சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பகுதியிலும் கடல் தாண்டிய படையைக் கொண்டு கடாரத்தை வென்றான் என்று ஒரே ஒரு சுலோகம். கப்பல் எத்தனை, பாய்மரம் எத்தனை, திசை பார்த்தது எப்படி? ஒரு வார்த்தை கிடையாது. ராஜேந்திரனின் தமிழ் மெய்க்கீர்த்தி, வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. கப்பலைப் பற்றி, பல கலங்கள் கடலில் போயின என்பதற்கு மேல் அதுவும் சொல்லவில்லை.

அப்புறம் இந்த டிஸ்ட்ராயர் எங்கேயிருந்து வந்தது? டார்பிடோ படகுகளைத் துரத்தி அழிக்க 1890களில் பிறந்த கப்பல் வகை அது. டார்பிடோவே இல்லாத காலத்தில் டிஸ்ட்ராயருக்கு என்ன வேலை? பேட்டில் குரூசர் இன்னும் பின்னால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. பட்டியலை எழுதியவர் சோழர் காலத்துச் சான்று எதையும் பார்த்து எழுதவில்லை. நவீன கடற்படைக்குச் சோழப் பெயர் சூட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: “அப்போ திறமை இல்லாமலா கடாரம் போனாங்க?” போனார்கள், திறமையோடுதான் போனார்கள். என் குறையே இந்தப் பட்டியல் அந்தத் திறமையை மறைக்கிறது என்பதுதான்.

துருவ நட்சத்திரத்தைப் பார்த்துப் போனார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இன்றைக்கு அந்த நட்சத்திரம் வான்துருவத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. 1025இல் சுமார் 6 பாகை தள்ளி, துருவத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதை அசையாத புள்ளியாக நம்பினால் அட்சரேகையில் 600 கிலோமீட்டருக்கு மேல்கூடத் தப்பு வரும். நாகப்பட்டினம் ஏறக்குறைய 10¾ பாகை, கெடா ஏறக்குறைய 5¾ பாகை. கெடா பக்கம் போனால், வட்டத்தின் கீழ்ப்பகுதிக்கு வரும்போது அந்த நட்சத்திரம் அடிவானத்தோடு போய்விடும், கண்ணுக்கே தெரியாது. வானத்தைப் பார்த்துப் போன மாலுமிக்கு வேறு நட்சத்திரங்களும், எது எப்போது எந்த உயரத்தில் நிற்கும் என்பதும் மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும். டிஸ்ட்ராயரைவிட இது பெரிய விஷயம் இல்லையா?

கருவிக்குச் சான்றே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் பிற்காலத்தது. சோழமண்டலக் கரை மாலுமிகளின் உத்திகளைப் பற்றி 1850இல் காங்கிரீவ் என்பவர் மெட்ராஸ் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் இராப்பலகை வருகிறது. சின்னப் பலகை, நடுவில் கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையை நீட்டிப் பிடிக்க வேண்டும். கீழ் விளிம்பு அடிவானத்திலும் மேல் விளிம்பு நட்சத்திரத்திலும் பொருந்தினால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அட்சரேகைக்கு வந்தாயிற்று. அப்புறம் அந்த உயரம் மாறாமல் கிழக்கேயோ மேற்கேயோ ஓட்டினால் கரை வரும். அரபு மாலுமிகள் இதைக் கமால் என்றார்கள். ஆனால் 1025க்கும் 1850க்கும் நடுவே 825 வருஷம். இராப்பலகையை ராஜேந்திரன் கப்பலில் தூக்கி வைக்க நமக்கு உரிமை இல்லை. 1950இல் அச்சான ‘கப்பல் சாத்திரம்’ சுவடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சோழர் காலத்துப் பெயரே வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. சுமத்ராவில், பாருஸ் பக்கம் லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. அதில் ‘மரக்கல நாயன்’ என்று கப்பல் தலைவனுக்குப் பெயர் வருகிறது. அவனும் மற்றவர்களும் பொன்னாகக் கட்ட வேண்டிய வரியைப் பற்றிய ஏற்பாடு அது. வியாபாரம், வரி, கரையில் ஒரு தமிழ்க் குழு என்று நிஜமான ஒரு உலகம் அந்தக் கல்லில் தெரிகிறது. ஆனால் வீடியோக்களில் மரக்கல நாயனுக்கு இடமில்லை, அட்மிரலுக்குத்தான் இடம்.

பள்ளிப் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு இந்தப் பட்டியலைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருக்கும் மீனவப் பெரியவர்கள் நம் கரையில் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் காற்றில் எந்தப் பக்கம் பாய் விரிப்பது, எந்த வெள்ளி முளைத்தால் கரை திரும்புவது என்று அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய ஒரு செல்போன் போதும். ஜிபிஎஸ் வந்த பிறகு அந்த அறிவுக்கு வேலை குறைந்துவிட்டது. இன்னும் கொஞ்ச வருஷம் போனால் கேட்கவும் ஆள் இருக்காது.